1968 சட்டத்துக்குப் பிறகும் அமெரிக்க நகரங்கள் ஏன் பிரிந்தே கிடக்கின்றன?

கேள்வி இதுதான்: வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனம் பார்க்கக் கூடாது என்று அமெரிக்கா 1968-லேயே சட்டம் போட்டுவிட்டது. அரை நூற்றாண்டு தாண்டிய பிறகும் கறுப்பின மக்கள் ஒரு பக்கம், வெள்ளையர் இன்னொரு பக்கம் என்று நகரங்கள் இருப்பது ஏன்? அப்படியானால் அந்தப் போராட்டம் தோற்றுப்போனதா?

தோற்கவில்லை. ஆனால் சட்டம் வந்தபோது நேரம் ரொம்பக் கடந்துவிட்டது. வந்த சட்டமும், "உனக்கு அநியாயம் நடந்தது என்று நீயே நிரூபி" என்று வீடு மறுக்கப்பட்டவர் தலையிலேயே சுமையை ஏற்றியது. இந்த வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுவது இது: வீட்டுப் பாகுபாட்டுக்கு எதிரான போராட்டத்தில் பாதி உழைப்பு சாட்சியம் தேடுவதிலேயே போயிருக்கிறது. பாகுபாடு பத்திரத்தில் இருந்தவரை அதைப் படித்துக் காட்ட முடிந்தது. தரகரின் புன்னகைக்குள் அது போய் ஒளிந்த பிறகு பிடிப்பது கடினமாகிவிட்டது.

முதலில் ஒளிவுமறைவே இல்லை. 1910-ல் பால்டிமோர் நகராட்சி, வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள தெருப் பகுதியில் கறுப்பினத்தவர் குடியேறக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. மற்ற நகரங்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டன. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரமும் அதில் ஒன்று. அந்த விதியை உடைக்க ஒரு வழக்கையே திட்டமிட்டு உருவாக்கினார்கள். கறுப்பின உரிமைச் சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் வார்லி, புக்கானன் என்ற வெள்ளைக்கார மனைத் தரகரிடம் ஒரு மனை வாங்க ஒப்பந்தம் போட்டார். சட்டப்படி அங்கே குடியிருக்க முடிந்தால்தான் பணம் தருவேன் என்று ஒரு நிபந்தனை வைத்தார். பிறகு, "நகர விதிப்படி நான் அங்கே குடியேற முடியாது, ஆகவே பணம் தர மாட்டேன்" என்றார். ஆக, கறுப்பினத்தவர் அந்த விதியைக் காட்டித் தப்பிக்கப் பார்க்க, வெள்ளைக்காரர் அந்த விதி செல்லாது என்று வாதாட வேண்டியதாயிற்று! 1917-ல் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. ஆனால் தீர்ப்பு சாய்ந்திருந்தது விற்பவரின் சொத்துரிமை மேல். சமத்துவம் இரண்டாம்பட்சம்தான்.

அரசு விதி போடக் கூடாதா, சரி, தனியார் போடலாமே என்று அடுத்த வழி திறந்தது. கிரயப் பத்திரத்திலேயே ஒரு நிபந்தனை எழுதிவிடுவார்கள்: இந்தச் சொத்தை இன்னின்ன இனத்தவருக்கு விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. வீட்டு வேலைக்காரராக இருந்தால் மட்டும் தங்கலாம் என்று பல பத்திரங்களில் ஒரு விலக்கும் இருக்கும். நிபந்தனை நிலத்தோடு போகும். அடுத்து வாங்குபவரும், அவருக்கு அடுத்தவரும் கட்டுப்பட்டவர்கள். தடுக்கப்பட்டவர்கள் கறுப்பினத்தவர் மட்டும் அல்ல. ஊருக்கு ஊர் யூதர், சீனர், ஜப்பானியர், மெக்சிகர் என்று பட்டியல் நீளும். பத்திரமே தேவைப்படாத இடங்களும் இருந்தன. 1915-ல் இந்தியாவிலிருந்து அமெரிக்கா வந்த வைஷ்ணோ தாஸ் பகாய் குடும்பம் பெர்க்லியில் ஒரு வீடு வாங்கிச் சாமான்களோடு போய் இறங்கியபோது, அக்கம்பக்கத்தார் அந்த வீட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். அவர் மனைவி கலா பகாயின் பெயரில் இன்று அதே ஊரில் ஒரு தெரு இருக்கிறது.

பத்திர நிபந்தனையை உடைத்த வழக்கு செயின்ட் லூயிஸ் நகரத்தது. 1945-ல் ஷெல்லி தம்பதி ஆறு பிள்ளைகளோடு லபாடி அவென்யூவில் ஒரு வீடு வாங்கினார்கள். அந்தத் தெருவுக்கு 1911-ல் ஐம்பது ஆண்டுகளுக்கென்று எழுதிய தடை இருந்தது. அதே தடைக்கு உட்பட்ட இன்னொரு சொத்தின் உரிமையாளரான கிரேமர் வழக்குப் போட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தபோது ஒன்பது நீதிபதிகளில் மூவர் காரணம் சொல்லாமல் விலகிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுப் பத்திரங்களிலும் அதே நிபந்தனை இருந்திருக்கும் என்று அப்போதே பேச்சு. மீதி ஆறு பேரும் 1948-ல் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னார்கள்: இப்படி எழுதிக்கொள்வது தனியாருடைய விருப்பம், ஆனால் அதை நிறைவேற்றித் தர எந்த நீதிமன்றமும் கை கொடுக்காது. ஆக எழுதுவது தொடர்ந்தது. அமலாக்கம்தான் நின்றது.

இதெல்லாம் கதையின் வெளிப்புறம். உள்ளே ஓடியது கடன். இதைப் புரிந்துகொண்டால்தான் 1968-க்குப் பிறகும் ஏன் பிரிந்தே இருக்கிறார்கள் என்பது விளங்கும்.

1930-களுக்கு முன்பு அமெரிக்காவில் வீட்டுக் கடன் வாங்குவது பெரும்பாடு. பாதி விலையை முன்பணமாகக் கட்டி, மீதியை ஐந்து ஆண்டு போலக் குறுகிய காலத்தில் தீர்க்க வேண்டும். பொருளாதார வீழ்ச்சியில் லட்சக்கணக்கான வீடுகள் ஏலத்துக்குப் போனதும் அரசு இறங்கி வந்தது. 1934-ல் ஃபெடரல் வீட்டுவசதி நிர்வாகம் உருவானது. வங்கி கொடுக்கும் கடனுக்கு அரசே காப்பீடு தரும், முன்பணம் குறையும், தவணைக் காலம் இருபது, இருபத்தைந்து, பிறகு முப்பது ஆண்டு வரை நீளும். வாடகை கட்டும் காசில் சொந்த வீடு கட்டலாம் என்ற நிலை. அமெரிக்க நடுத்தர வர்க்கம் உருவானதே இதில்தான். ஆனால் எந்த வீட்டுக்குக் காப்பீடு தரலாம் என்று சொல்லும் கையேடு, கறுப்பினத்தவர் வாழும் இடமும் அதற்கு அருகிலிருக்கும் இடமும் ஆபத்தானவை என்றது. இன நிபந்தனை எழுதிய பத்திரம் இருந்தால் நல்லது என்று பரிந்துரையும் செய்தது.

இங்கே ஒரு திருத்தம். ஒரு பகுதியையே ஆபத்தானது என்று முத்திரை குத்திக் கடன் மறுப்பதைச் சிவப்புக் கோடு என்பார்கள். அப்படிச் சொல்லும்போது எல்லாரும் நினைப்பது வேறொரு அமைப்பின் வரைபடங்களை. 1933-ல் தொடங்கிய வீட்டு உரிமையாளர் கடன் கழகம் 200-க்கும் மேற்பட்ட நகரங்களைப் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று தரம் பிரித்து வரைந்தது; சிவப்பு என்றால் கடன் கொடுக்க மிக ஆபத்தான பகுதி. பார்த்ததும் மனதில் பதியும் படங்கள் என்பதால் எல்லாப் பழியும் அவற்றின் மேல் விழுந்துவிட்டது. உண்மையில் அந்தக் கழகம் தன் கடன்களில் பெரும்பகுதியை வரைபடத்துக்கு முன்பே கொடுத்து முடித்திருந்தது. பிறகு சிவப்பான பகுதிகளுக்கும் கொடுத்திருக்கிறது. புதுக் கடனையும் புதுக் குடியிருப்புகளையும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தீர்மானித்தது காப்பீடு கொடுத்த அந்த இன்னொரு நிர்வாகம்தான். வரைபடம் எல்லார் கண்ணிலும் படுகிறது, கையேட்டை யாரும் புரட்டுவதில்லை.

டெட்ராய்ட் நகரத்தில் இதற்குக் கல்லிலேயே சாட்சி நிற்கிறது. கறுப்பினத்தவர் குடியிருப்பை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்ட வந்த ஒருவருக்குக் கடன் காப்பீடு மறுக்கப்பட்டது. 1941-ல் அவர் இரண்டுக்கும் நடுவே ஆறடி உயரத்தில், அரை மைல் நீளத்துக்கு ஒரு சுவர் எழுப்பினார். அப்புறம் காப்பீடு கிடைத்தது. சுவர் இன்னும் இருக்கிறது, மேலே வண்ணச் சித்திரங்களோடு.

வங்கிக் கடன் கிடைக்காதவர்களும் வீடு வாங்கத்தான் செய்தார்கள். சிகாகோவில் அது எப்படி நடந்தது என்று பார்த்தால் வயிறு எரியும். கறுப்பினத்தவர் வரப்போகிறார்கள், விலை சரியப்போகிறது என்று ஊக வியாபாரிகள் வெள்ளைக்காரத் தெருக்களில் பீதியைக் கிளப்புவார்கள். பயந்தவர்கள் அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு ஓடுவார்கள். அதே வீட்டைப் பல மடங்கு ஏற்றி, கறுப்பினக் குடும்பத்துக்குத் தவணை ஒப்பந்தத்தில் கொடுப்பார்கள். முன்பணம், தவணை, வட்டி, வரி, பழுதுபார்க்கும் செலவு எல்லாம் வாங்கியவர் தலையில். பத்திரம் மட்டும் விற்றவர் பெயரிலேயே இருக்கும், கடைசித் தவணை வரைக்கும். ஒரு மாதம் தவறினால் போதும், வெளியே. கட்டிய பணம் போயே போச்சு. மறு வாரம் அதே வீடு அடுத்த குடும்பத்துக்கு. தவணை கட்ட இரண்டு வேலை பார்த்தார்கள், வீட்டை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள், கூரை ஒழுகினாலும் சரிசெய்யக் கையில் காசில்லை. தெரு பாழானது. பாழான தெருவைக் காட்டி, "பார்த்தீர்களா, இவர்கள் வந்தாலே இப்படித்தான்" என்றார்கள்.

1968-ல் நார்த் லான்டேல் பகுதியில் இப்படி வாங்கியவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்கள் செய்த முதல் வேலை எனக்கு மிகவும் பிடித்தது: பதிவுத்துறைப் பதிவேடுகளைப் புரட்டி, வியாபாரி அந்த வீட்டை என்ன விலைக்கு வாங்கினான் என்று கண்டுபிடித்தார்கள். ஏமாந்துவிட்டோம் என்ற வெட்கத்தில் அதுவரை தன் விலையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாதவர்கள், கூட்டத்தில் எழுந்து நின்று விலையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். பிறகு தவணையை நிறுத்தினார்கள். பெரிய வழக்குகளில் தோற்றாலும் நூற்றுக்கணக்கான ஒப்பந்தங்கள் திருத்தி எழுதப்பட்டன.

தெருப் போராட்டங்களில் மார்ட்டின் லூதர் கிங்கின் சிகாகோ இயக்கம் பலருக்குத் தெரியும். 1966-ல் மார்க்கெட் பார்க் ஊர்வலத்தில் அவர் தலையில் கல் விழுந்தது. தெற்கு மாநிலங்களில்கூட இவ்வளவு வெறுப்பைப் பார்த்ததில்லை என்றார் அவர். ஆனால் மில்வாக்கி நகரத்தின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த நகரத்தை மெனாமனி பள்ளத்தாக்கு இரண்டாக வெட்டுகிறது: வடக்கே கறுப்பினத்தவர், தெற்கே போலந்து வம்சாவளி வெள்ளையர். இரண்டையும் இணைக்கும் பாலத்தை, ஆப்பிரிக்காவையும் போலந்தையும் இணைப்பதால் உலகிலேயே நீளமான பாலம் என்று உள்ளூரில் கேலி செய்வார்கள். நகரசபையின் முதல் கறுப்பின உறுப்பினரும் முதல் பெண் உறுப்பினருமான வெல் ஃபிலிப்ஸ், 1962 முதல் வீட்டுப் பாகுபாட்டைத் தடுக்கும் தீர்மானத்தை நான்கு முறை கொண்டுவந்தார். ஆதரவு ஒரு ஓட்டு, அது அவருடையது. எதிர்ப்பு பதினெட்டு. 1967 ஆகஸ்ட் கடைசியில் இளைஞர்கள், ஜேம்ஸ் குரோப்பி என்ற கத்தோலிக்கப் பாதிரியாரோடு அந்தப் பாலத்தைக் கடந்து நடந்தார்கள். மறுகரையில் ஆயிரக்கணக்கானோர் கல்லும் பாட்டிலும் வீசினார்கள். மறுநாளும் நடந்தார்கள். விஸ்கான்சின் மாநிலக் குளிரிலும் விடாமல் இருநூறு இரவுகள்.

மக்கள் ஓட்டு எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியா 1963-ல் வீட்டுப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் சேர்ந்து அந்தச் சட்டத்தை ஒழிக்க ஓட்டுப் போட்டார்கள். நீதிமன்றம்தான் பிறகு அந்த முடிவைச் செல்லாததாக்கியது. வேலை, ஓட்டுரிமை, பேருந்து இருக்கை என்று வந்தபோது கூட நின்ற பலர், பக்கத்து வீடு என்றதும் பின்வாங்கினார்கள்.

நாடாளுமன்றத்திலும் மசோதா ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. 1968 ஏப்ரல் 4 அன்று கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரங்கள் பற்றி எரிந்தன. ஏழாம் நாள், ஏப்ரல் 11 அன்று, சட்டம் கையெழுத்தானது. அவசரத்தில் வந்த சட்டம், அதுவும் நிறைவேறுவதற்காகப் பல்லைப் பிடுங்கிக் கொடுத்த சட்டம். வீட்டுவசதித் துறை இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசலாம், இணங்க வைக்கப் பார்க்கலாம், அவ்வளவுதான். தண்டிக்க அதிகாரமில்லை. பாதிக்கப்பட்டவர் சொந்தச் செலவில் வழக்குப் போட வேண்டும்; தண்டனையாகக் கிடைக்கும் கூடுதல் நஷ்டஈட்டுக்கு உச்சவரம்பு 1,000 டாலர். உரிமையாளர் தானும் குடியிருக்கும், நான்கு குடித்தனம் வரையுள்ள சிறிய கட்டடங்களுக்கு விலக்கு வேறு. 1988-ல்தான் திருத்தம் வந்து துறைக்கே விசாரித்து அபராதம் போட வழி பிறந்தது. குழந்தை இருக்கும் குடும்பத்தையும் மாற்றுத்திறனாளியையும் ஒதுக்கக் கூடாது என்பதும் அப்போதுதான் சேர்ந்தது.

சட்டம் வந்ததும் யாரும் "கறுப்பினத்தவருக்குக் கிடையாது" என்று சொல்வதில்லை. "ஐயோ, இப்போதுதான் போனது" என்பார்கள். அது பொய் என்று ஒருவருக்கு எப்படித் தெரியும்? தெரியவே தெரியாது. பக்கத்தில் இன்னொருவர் அதே கேள்வியைக் கேட்டால் ஒழிய. அங்கிருந்துதான் இரட்டைச் சோதனை முறை பிறந்தது: ஒரே வருமானம், ஒரே தேவை, ஒரே பேச்சு, இனம் மட்டும் வேறாக இருவர் ஒரே அலுவலகத்துக்குப் போவது. விர்ஜினியாவில் ஒரு குடியிருப்பு நிறுவனம் கறுப்பினச் சோதனையாளரிடம் இடமில்லை என்றது. வெள்ளையினச் சோதனையாளரிடம் இருக்கிறது என்றது. வீடு எடுக்கும் எண்ணமே இல்லாதவர் எப்படி வழக்குப் போடலாம் என்று நிறுவனம் கேட்டது. பொய்த் தகவல் பெற்றதே அவருக்கு நேர்ந்த பாதிப்புதான் என்று 1982-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. என் மதிப்பீட்டில், சட்டத்துக்கு அடுத்தபடியாக இந்தப் போராட்டத்தின் மிகப் பெரிய வெற்றி இதுதான்.

அந்தக் கருவி காட்டியவை: 2012-ல் அரசே 28 பெருநகரப் பகுதிகளில் 8,000-க்கும் மேற்பட்ட சோதனைகள் நடத்தியது. கதவை முகத்தில் சாத்துவது அரிதாகியிருந்தது. ஆனால் வீடு வாங்க வந்த கறுப்பினத்தவருக்கு, அதே தகுதியுள்ள வெள்ளையரைவிட ஏறக்குறைய 18 சதவீதம் குறைவான வீடுகளே காட்டப்பட்டன. நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் நியூஸ்டே நாளிதழ் மூன்று ஆண்டு புலனாய்வு செய்து 2019-ல் வெளியிட்டது: ரகசியக் கேமராவோடு 86 சோதனைகள், கறுப்பினச் சோதனையாளர்களில் 49 சதவீதம் பேர், ஆசியர்களில் 19 சதவீதம் பேர் மாறுபட்ட நடத்தையைச் சந்தித்தார்கள்.

விளைவுகளுக்கு வருவோம். அமெரிக்கக் குடும்பத்தின் பெரிய சேமிப்பு வீடுதான். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், மருத்துவச் செலவு, பேரனின் முதல் வீட்டுக்கு முன்பணம் எல்லாம் அதிலிருந்துதான் வரும். 1940-களில், 50-களில் அரசுக் காப்பீட்டோடு வாங்கிய வீடு மூன்று தலைமுறைக்குக் குட்டி போட்டது. வாங்க முடியாதவருக்கு அந்த மூன்று தலைமுறையும் வெறும் வாடகை ரசீது. 2022-ஆம் ஆண்டின் மத்திய வங்கிக் கணக்குப்படி சொத்து வரிசையில் சரிபாதியில் நிற்கும் வெள்ளையினக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர். அதேபோலச் சரிபாதியில் நிற்கும் கறுப்பினக் குடும்பத்தின் சொத்து 44,900 டாலர். சொந்த வீடு உள்ளவர் விகிதத்தில் இரு தரப்புக்கும் 1960-ல் சுமார் 27 புள்ளி இடைவெளி. பாகுபாடு சட்டபூர்வமாக இருந்த அந்தக் காலத்தைவிட இன்றைய இடைவெளி குறையவில்லை.

பள்ளிக்கூடங்கள் பெருமளவு உள்ளூர்ச் சொத்து வரியில் நடப்பதால், வீட்டு விலை குறைந்த பகுதியில் பள்ளியும் இளைத்துப்போனது. நெடுஞ்சாலை போட இடம் தேடியபோது நில விலை குறைவாகவும், எதிர்த்துக் கேட்க ஆளில்லாமலும் இருந்த தெருக்கள்தான் அகப்பட்டன. செயின்ட் பாலின் ராண்டோ, டெட்ராய்டின் பிளாக் பாட்டம், மயாமியின் ஓவர்டவுன் எல்லாம் அப்படிப் பிளக்கப்பட்டவை. மரம்கூட நடப்படவில்லை. 108 நகரங்களை அளந்து 2020-ல் வெளியான ஆய்வில், பழைய சிவப்புப் பகுதிகள் மற்ற இடங்களைவிட சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் கூடுதல் வெப்பமாக இருந்தன.

இடம் மாறினால் வாழ்க்கை மாறுமா? 1994 முதல் ஐந்து நகரங்களில் 4,600 குடும்பங்களை வைத்து அரசு குலுக்கல் முறையில் சோதித்தது. வறுமை குறைந்த பகுதிக்குப் போன பெரியவர்களின் வருமானம் உயரவில்லை. 13 வயதுக்குள் இடம் மாறிய குழந்தைகள் வளர்ந்ததும் மற்றவர்களைவிட ஏறக்குறைய 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். வயது கூடிப் போனவர்களுக்கு அந்த நன்மை இல்லை.

ஆகவே போராட்டம் என்ன சாதித்தது என்றால், பிரிவினை குறைந்திருக்கிறது என்பது உண்மை. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் எந்த அளவுக்குத் தனித்து வாழ்கிறார்கள் என்று காட்டும் குறியீடு (100 என்றால் முழுப் பிரிவினை) 1970-ல் 79, 2010-ல் 59. நாற்பது ஆண்டுகளில் இருபது புள்ளி. ஒவ்வொரு முறையும் பாகுபாடு புது வேடம் போட்டது. கடனே தராதவர்கள் பிறகு மோசமான கடனைத் தேடி வந்து கொடுத்தார்கள். கறுப்பின, லத்தீன் மக்களிடம் அதிக வட்டியும் கட்டணமும் வாங்கியதாக எழுந்த புகாரில் கன்ட்ரிவைட் நிறுவனம் 2011-ல் 33.5 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அப்புறம் வீட்டு விளம்பரம் யார் கண்ணில் படும் என்பதைக் கணினி நிரல் தீர்மானிக்கும் காலம் வந்தது. 2022-ல் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனம் அந்தக் கருவியைக் கைவிட ஒப்புக்கொண்டு 1,15,054 டாலர் அபராதம் கட்டியது. இந்தச் சட்டத்தில் போட முடிந்த அதிகபட்சத் தொகை அவ்வளவுதான்!

இப்போது சில இடங்களில் பழைய கணக்கையே எடுத்திருக்கிறார்கள். இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகரம், 1919-க்கும் 1969-க்கும் இடையில் அங்கே வாழ்ந்த கறுப்பினத்தவருக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் வீட்டுக்கென 25,000 டாலர் தரும் திட்டத்தை 2021-ல் ஏற்றது. வாஷிங்டன் மாநிலத்தின் 2023 சட்டம் இன்னும் சுவாரசியமானது. பத்திரம் பதிவு செய்யும்போது 100 டாலர் கட்டணம் வாங்கி ஒரு நிதி சேர்க்கிறார்கள். பழைய பத்திர நிபந்தனைகளால் ஒதுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள் முதல் வீடு வாங்க அதிலிருந்து முன்பணம் உதவி. கறுப்பினத்தவர், லத்தீன் மக்கள், பூர்வகுடிகளோடு கொரியர்களும் இந்திய வம்சாவளியினரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் ஒரு நிபந்தனை: தானோ, பெற்றோரோ, தாத்தா பாட்டியோ, அவர்களைப் பெற்றவர்களோ 1968 ஏப்ரலுக்கு முன்பே அந்த மாநிலத்தில் குடியிருந்ததற்கு விண்ணப்பிப்பவர் ஆதாரம் கொண்டுவர வேண்டும். பாட்டியின் பழைய பள்ளிச் சான்றிதழையும் வாடகை ரசீதையும் தேடிப் பரணைக் குடைய வேண்டியதுதான்.